நாடி பிடித்தவள்

என் கணவரின் நாடியை எட்டு மாதமாக இன்னொருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள். ஒளித்து மறைத்தல்ல, என் வீட்டு வாசலில், என் கண்ணுக்கு முன்னால், நான் போட்டுக் கொடுத்த பிளேன் டீ ஆறுவதற்குள். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவருக்குக் கண்டியில் உத்தியோகம்; அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறுவது. ஹந்தானை ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வாடகை வீடு. அவருக்கு ஓட்டம் ஒரு விசர். நாற்பது தாண்டியும் அரசாங்க ஊழியர்களின் மரதன் ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வருவார். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் வாவியை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் தெரிகிற வளைவு வரைக்கும் மலையில் ஏறி இறங்குவார். ஓடாதேங்கோ என்று சொல்ல எனக்கு வாயில்லை. எண்பத்து மூன்றில் கலவரம் வந்த அன்று கந்தோரிலிருந்து குறுக்கு வழிகளால் ஓடித்தான் மனிசன் வீடு வந்து சேர்ந்தார். பஸ்ஸை நம்பி நின்றிருந்தால் அன்றைக்கே என் தாலி போயிருக்கும்.

ஒரு நாள் விடியற்காலை ஓடிப்போனவர் நடந்து வந்தார். முகம் சாம்பல். வாசற்படியில் குந்திக்கொண்டு, "நெஞ்சுக்குள்ள கோழி செட்டை அடிக்கிற மாதிரிக் கிடக்கப்பா" என்றார். நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். திரும்பி வரும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

கிளினிக்கில் நாடி பார்த்த நேர்ஸ் நாற்பத்தாறு என்று சொல்லிப் பதறினாள். டொக்டர் பதறவில்லை. ஓடுகிறவர்களின் இதயம் ஆறுதலாகத்தான் அடிக்கும், அது வருத்தமில்லை என்றார். பிறகு நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த ஈசிஜி கடதாசியை விரித்து வைத்துப் பேனையால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். வருஷக்கணக்காக நெடுந்தூரம் ஓடுகிற சிலருக்கு இதயத்தின் மேலறைகள் விரிந்துபோகுமாம். விரிந்தால் துடிப்புத் தாளம் தப்புமாம். தப்பிய துடிப்பில் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம், இல்லையென்றால் அதையும் விடப் பெரியது.

"ஓட்டத்தை அடியோட விடச் சொல்லேல்ல," என்றார். போட்டி கூடாது. காய்ச்சல் தடிமன் என்றால் ஓடக் கூடாது. நாடி நூற்றிருபதைத் தாண்டக் கூடாது. முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் நடந்து ஆற வேண்டும். காலையில் ஒரு குளிசை, ஒரு நாளும் தவறக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், தனியே போகக் கூடாது. நாடி எண்ணத் தெரிந்த ஒருவர் கூடவே ஓடி, வழியில் மூன்று நாலு இடத்தில் நிறுத்தி எண்ணி, நேரத்தோடும் இடத்தோடும் எழுதி வைக்க வேண்டும். தாளம் தப்பினால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கோயில் படி பத்து ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

இப்படித்தான் அவள் வந்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்த சிங்களப் பெண். பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் பீ.டீ. டீச்சர். சொந்த இடம் கெலிஓயா. முப்பது சொச்சம் வயது, கலியாணமாகவில்லை. அவளும் விடிய ஓடுகிறவள். றோட்டில் கண்டால் ஒருவருக்கொருவர் தலையாட்டுகிற பழக்கம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவர் போய்க் கேட்டார். அவள் ஓம் என்றாள். அவள் கூட ஓடினால் இன்னொரு வசதியும் இருந்தது. விடியாத நேரத்தில் ஒரு தமிழ் ஆம்பிளை தனியே ஓடினால் றோட்டுக் காவலரணில், சென்றியில், நிற்கிற ஆமிக்காரன் மறிப்பான். பக்கத்தில் ஒரு சிங்கள டீச்சர் ஓடினால் கையைக் காட்டி விட்டுவிடுவான். ஆக அவருடைய நெஞ்சுக்கும் அவள்தான் காவல், உயிருக்கும் அவள்தான் காவல். அப்ப நான் என்னத்துக்கு? டீ ஊற்ற.

ஆறரைக்கு இருவரும் வாசலுக்கு வருவார்கள். அவர் வேர்த்து ஒழுகக் கையை நீட்டுவார். அவள் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து, மற்றக் கையில் கட்டியிருக்கிற மணிக்கூட்டைப் பார்ப்பாள். பதினைந்து செக்கன். பதினைந்து செக்கனில் ஒரு பெண்சாதியின் மனது எங்கெங்கே போய் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் ஊசி போடக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி அசையாமல் நிற்பார். நான் நாடி பார்க்கட்டோ என்று கேட்டால் "பிறகு பார்ப்பமப்பா" என்று குளிக்கப் போகிற மனிசன்!

எண்ணி முடிந்ததும் காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதுவாள். ஒரு நாள் கை கழுவப் போனபோது அதை மேசையில் விட்டுவிட்டுப் போனாள். நான் திறந்தேன். திறக்காமல் இருக்க நான் என்ன சாமியாரோ? பக்கம் பக்கமாகச் சிங்களம். வட்டம் வட்டமாக, அழகான எழுத்து. இலக்கங்கள் மட்டும் எனக்கு விளங்கின. சந்தையில் மரக்கறிக்கு விலை பேசுகிற சிங்களம் எனக்கு வரும், வாசிக்க வராது. என் புருஷனின் நெஞ்சு, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், இன்னொருத்தியின் பொக்கற்றில். கொப்பியை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அவள் அவரை "அய்யா" என்பாள். சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற சொல் அது. அண்ணனாவது தம்பியாவது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். என்னை "அக்கா" என்பாள். அது இன்னும் எரியும். ஒரு நாள் டீயைக் குடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளிடம் பொறுக்கிய தமிழில், "அக்கா, நேத்து ராத்திரி அய்யாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

நான் பார்க்கவில்லை. அவருக்கு அரை முழம் தள்ளிப் படுத்திருந்தவள் நான். என்னைத் தட்டி எழுப்பாமல் விடியும் வரை பொறுத்திருந்து அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் அவர் குளிக்கப் போன பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். "பிள்ளை, நாளையிலயிருந்து வரத் தேவையில்லை. ஒழுங்கையில சனம் ஒரு மாதிரிக் கதைக்குது." சனம் கதைக்கவில்லை. கதைத்தது என் வயிற்றெரிச்சல். அவள் என்னைப் பார்த்தாள். முகம் சிவந்து பிறகு வெளுத்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு "ஹரி அக்கா" என்று சிங்களத்தில் ஒரு சரி மட்டும் சொல்லிப் போனாள். படலையடியில் நின்று திரும்பி, "அக்கா, கொப்பி மட்டும் அய்யா கையில குடுக்க வேணாம்" என்றாள். இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கதவைச் சாத்தினேன். பார்த்தியளே திமிரை! என் புருஷனுக்கு நான் கொப்பி கொடுக்கக் கூடாதாம். இவள் மட்டும்தான் எழுதலாமாம்.

அன்றைக்குப் பின்னேரமே டவுனுக்குப் போய் ஒரு பொக்கற் கொப்பி வாங்கினேன். நல்ல சிவப்பு மட்டை. அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, மேலே தமிழில் என் கையெழுத்தால் நேரம், இடம், எண்ணிக்கை என்று எழுதினேன். இடங்களையும் நானே வரிசையாக எழுதிக் கொடுத்தேன். வீடு, வாவி மூலை, சென்றி, பாலம், தண்ணீர்த் தாங்கி, லயன் வளைவு. அவர் அதை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போனது.

"கொப்பி வேண்டாமப்பா. நான் மனசில வைச்சிருந்து வந்து சொல்லுறன், நீர் வீட்டில எழுதும்."

"ஏன்? அவள் எழுதினால் இனிக்குது, நான் எழுதினால் கசக்குதோ?"

"அதில்லை…"

"எதில்லை? எட்டு மாசமா உங்கட நாடி அவளிட்டக் கிடந்தது. நான் ஆர் உங்களுக்கு? சொல்லுங்கோ, நான் ஆர்?"

கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கொப்பியை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். எனக்கு வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

எட்டு நாள் தனியே போய், தன் நாடியைத் தானே எண்ணி எழுதினார். அவள் இல்லாதபடியால் இரண்டு தடவை சென்றியில் மறித்து அடையாள அட்டை பார்த்தார்களாம். எட்டு நாளும் வந்து கொப்பியை என் கையில் தந்தார். நான் தமிழில் வாசித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன் என்றால் பாருங்கோ.

ஒன்பதாம் நாள் ஆறரைக்கு வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. டீயும் குளிசையும் மேசையில். ஏழேகாலுக்குச் சந்திக் கடை முதலாளி மூச்சிரைக்க வந்தார். "தங்கச்சி, உங்க மனுசன ஆமி புடிச்சிட்டுப் போகுது. பொலிசுக்குத்தான் கொண்டு போறாங்க. சென்றிக்குக் கிட்ட நின்னுக்கிட்டு மணிக்கூட்டப் பாத்துப் பாத்து என்னமோ கொப்பியில எழுதினாராம், புலிக்கு வேவு பாக்கிறாருன்னு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் படலையடியில் அவள் சொல்ல வந்தது என்ன என்றும், கொப்பி ஏன் சிங்களத்தில் இருந்தது என்றும், ஏன் அவள் பொக்கற்றில் இருந்தது என்றும். ஐயோ, நான் பாவி. சென்றி ஐந்து முப்பத்திரண்டு, நூற்றுப் பன்னிரண்டு. பாலம் ஐந்து நாற்பத்தொன்று, நூற்றுப் பதினெட்டு. நாள் தவறாமல், நேரம் தவறாமல், தமிழில். வரைபடம் கீறுகிற யாழ்ப்பாணத்தானின் பொக்கற்றில் அதை வைத்தவள் நான்.

பொலிசில் பெரியவர் அந்தச் சிவப்பு மட்டையை எனக்கு முன்னால் தட்டிக் காட்டினார். பாலத்தில் நூற்றுப் பதினெட்டு என்ன, ஆளா, அடியா, றாத்தலா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "நெஞ்சு நோகுதென்றால் வீட்டில படுக்கிறதுதானே, பாலத்தில ஏன் ஓடுறது?" என்றார். பக்கத்திலிருந்தவன் சிரித்தான். நான் கொண்டுபோன குளிசையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன மருந்தென்று தெரியாமல் உள்ளே கொடுக்க முடியாது என்று திருப்பித் தந்தார். கிளினிக் துண்டைக் காட்டினேன். அதில் ஓடலாம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அப்படி யார் எழுதித் தருவார்கள்? பின்னேரம் வரைக்கும் மர வாங்கில் இருத்தி வைத்துவிட்டு, நாளைக்கு வா என்று அனுப்பினார்கள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கே அவளிடம் போயிருக்கலாம். அவளுடைய கொப்பி கிடைத்தால் போதும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஒழுங்கைதான். அவளுடைய அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே வெளிச்சம் இருந்தது. போய் அவள் காலடியில் நிற்பதா என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன். அவருடைய உயிர் ஒரு பக்கம், என் ரோஷம் ஒரு பக்கம். அந்த ஒரு நாள் ரோஷம்தான் கனத்தது.

மற்ற நாள் காலை போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைக் கண்டதும் வேறொன்றும் கேட்கவில்லை. "கொப்பியா?" என்றாள். தலையை ஆட்டினேன். "எப்ப?" "நேற்று." "நேத்தா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு என்னோடு வந்தாள்.

பொலிஸ் பெரியவரின் மேசையில் தன் கொப்பியை என் கொப்பிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். எட்டு மாதத்துச் சிங்களம். அதே வாவி மூலை, அதே சென்றி, அதே பாலம். ஒவ்வொரு பக்கத்திலும் குளிசை குடித்தாரா இல்லையா என்றுகூட எழுதியிருந்தாள். பெரியவர் வெகு நேரம் வாசித்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, நீ ஏன் இந்த மனிசனுக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், ஆளை வெளியே கொண்டு வாருங்கள், உங்கள் முன்னால் எண்ணிக் காட்டுகிறேன் என்றாள்.

கொண்டு வந்தார்கள். ஒரு இரவில் பத்து வயது கூடிப்போன முகம். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பதினைந்து செக்கன் போனது. அவள் விடவில்லை. முப்பது போனது. ஒரு நிமிஷமும் போனது. எனக்கு அந்த நேரத்திலும், சாமி சத்தியமாக, அந்த நேரத்திலும் அந்த இரண்டு விரலைப் பார்க்க எரிந்தது. அவள் நிமிர்ந்து பெரியவரிடம், "நீங்களே வைத்துப் பாருங்கள்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டேதான் விரலை வைத்தார். சிரிப்பு நின்றது. நாலு அடி ஓடி, ஒன்றைத் தவறவிட்டு, பிறகு மூன்று ஒரேயடியாக வந்து, பிறகு ஒன்றுமில்லாமல். அது நோய் தெரியாதவனுக்கும் விரலில் தெரியும். எழும்பி ஜீப்பைக் கூப்பிட்டார். வழக்கொன்றும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஊசியும் மருந்தும் ஏற்றித் துடிப்பைத் தாளத்துக்குக் கொண்டு வந்தார்கள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். முடிக்க வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவரிடம் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"அந்தப் பிள்ளைதான் முதல் நாளே சொன்னது. தமிழில எழுதி உங்கட கையில வைச்சிருந்தா ஆபத்து, நான் சிங்களத்தில எழுதி வைச்சிருக்கிறன் எண்டு. உமக்குச் சொன்னா நீர் பயந்துபோவீர். ஓடவே விடமாட்டீர்."

"அண்டைக்கு நான் கொப்பியைத் தரேக்க சொல்லியிருக்கலாமே!"

"நீர் அழுதீர்," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மணிக்கட்டைக் கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். பயத்தையும் அவளோடுதான் பங்கு போட்டிருக்கிறார். இருவரும் எட்டு மாதம் ஒரே பயத்தோடு ஓடியிருக்கிறார்கள், நான் அடுப்படியில் சீனி கலக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு மாதம் வெறும் நடை, அதற்குப் பிறகு மெல்லோட்டம் தொடங்கலாம் என்றார் டொக்டர். ஆனால் பழைய நிபந்தனைதான். எண்ணத் தெரிந்தவர் கூட இல்லாவிட்டால் ஓட்டத்தைக் கனவிலும் நினைக்கக் கூடாது. மாதம் முடிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, சப்பாத்துப் போடாமல், கதிரையில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள், "வெளிக்கிடுங்கோ, கெலிஓயாவுக்குப் போவம்" என்றேன். அவள் அறையை விட்டுவிட்டுத் தாயின் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று கடை முதலாளி சொல்லியிருந்தார்.

பஸ்ஸால் இறங்கியதும் அவரைப் பஸ் தரிப்பிலேயே நிற்கச் சொன்னேன். "இது பொம்பிளையளின்ர கதை. நீங்கள் வரக் கூடாது." வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பார், அதை நான் பார்க்க வேண்டி வரும். மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் என் புத்தி அப்படித்தான் போனது.

கடைகளுக்குப் பின்னால், பஸ் தரிப்பிலிருந்து தெரிகிற சின்ன வீடு. தாய் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவள் விறாந்தையில் கதிரை போட்டாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். திரும்ப வந்து அவரோடு ஓடச் சொல்லி நானே கேட்டேன்.

"முடியாது அக்கா. பொலிசில நான் பேசினதுக்கு, ஸ்கூலுக்கு வந்து என்னையப் பத்தி விசாரிச்சாங்க. தம்பி ஆமியில இருக்கான். அம்மா தினமும் அழுவுது." சொல்லிவிட்டுத் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தாள். "நீங்க பழகுங்க. ஓட வேணாம். சென்றிக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குக் கிட்டயே அவர ஓடச் சொல்லுங்க. சுத்திச் சுத்தி. நீங்க வாசல்ல நின்னு, ஒவ்வொரு சுத்துக்கும் எண்ணுங்க."

எட்டு மாதமாக எனக்குத் தோன்றாத யோசனை. அவளுக்கும் முதலே தோன்றியிருக்கலாம், சொல்லவில்லை.

தன் இடது கையை என் மடிக்கு நீட்டினாள். "பெருவிரல் வேணாம். பெருவிரல்ல உங்க நாடியே அடிக்கும், ஏமாந்துருவீங்க. இந்த ரெண்டு விரல். மெதுவா." என் விரலைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் சரியான இடத்தில் வைத்தாள். மற்றக் கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, "இப்ப" என்றாள்.

ஓடுகிறவளின் நாடி. ஆறுதலாக, நிறைவாக, ஒன்றுக்கும் மற்றதுக்கும் நல்ல இடைவெளி விட்டு அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான் திட்டித் தீர்த்த உடம்புக்குள் இவ்வளவு அமைதியா என்று நினைத்தேன். நான்கு. ஐந்து.

அப்போது படலையடியில் அவருடைய குரல் கேட்டது. "இஞ்சேரும்! பஸ் வருகுது!"

என் விரலுக்குக் கீழே அது துள்ளியது. துள்ளி ஓடத் தொடங்கியது, ஹந்தானை ஏற்றத்தில் ஓடுகிறவளுக்கு அடிக்கிற மாதிரி. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் அசையவில்லை. கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. படலைப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் விசரி இல்லை. எட்டு மாதம் என் வயிற்றெரிச்சல் சொன்னது பொய்யில்லை. அவரிடம் இருந்ததோ இல்லையோ, இவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நாள் தவறாமல் எழுதியிருக்கிறாள், பொலிசுக்கு வந்திருக்கிறாள், இப்போது எனக்குச் சொல்லியும் கொடுக்கிறாள். கையில் பிடித்துவிட்டேன். சத்தம் போட்டிருக்கலாம்.

"எவ்வளவு, அக்கா?" என்று கேட்டாள். நான் என்ன எண்ணினேன் என்று அவளுக்குத் தெரியும்.

"எண்ணிக்கை தப்பிப்போச்சு, பிள்ளை" என்றேன். அவள் கையை இழுக்கவில்லை. படலைக்குக் கேட்கிற மாதிரி, "அடுத்த பஸ்ஸில போவம், நில்லுங்கோ" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, நான் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.